இந்த வருடம் எந்தப் பந்தயம்?

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன் இலத்தூர் விலக்கில் நான்கு சைக்கிள்கள் வந்து நிற்கும். தென்காசியில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரில், கரைந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் நாங்கள். புத்தகம் பேசுவதற்கு நாற்காலி அவசியமில்லை என்று தெரிந்த பிறகு கூட்டம் சாலைக்கு வந்துவிட்டது. ஐந்தருவி வரை போய்த் திரும்புவதற்குள் ஒரு நாவலைத் தாராளமாகக் கிழித்துப் போட்டுவிடலாம். மேடேறும்போது யாரிடமும் பேச மூச்சு இருக்காது. அந்தச் சிறிது நேரம் மட்டும் ஆசிரியர் தப்பித்துக்கொள்வார். ஆகவே, இலக்கியம் பேசும் இடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்கள் இம்முறை பொறுத்தருள வேண்டும்.

நால்வரில் மூத்தவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அறுபத்து மூன்று வயது. இளமையில், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் சுற்றுப்பட்டு ஊர்களில் நடக்கும் சைக்கிள் பந்தயங்களில் ஒன்றைக்கூட விடாமல் ஓட்டியவர். பரிசாக வந்த எவர்சில்வர் குடங்களில் இரண்டு இன்னும் அவர் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கப் பயன்படுகின்றன. நாற்பதை நெருங்கியபோது ஓட்டப் பந்தயத்தை விட்டுவிட்டு, மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டிக்கு மாறினாராம். கால் ஊன்றாமல் கடைசியாக வருபவனுக்குப் பரிசு என்ற அந்த விநோதமான ஆட்டத்திலும் இரண்டு முறை வென்றிருக்கிறார். அதை அவர் சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

2025 பங்குனியில் அவருடைய வலது முழங்காலைச் சோதித்த மருத்துவர், மூட்டு தேய்ந்திருக்கிறது, சமதளத்தில் அளவாக ஓட்டலாம், மலையேற்றமும் நெடுந்தொலைவும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி பேரம் பேசினார். காய்கறிக் கடையில் பேசுவதைப்போலவே பேசினார் என்று உடன் சென்றிருந்த எங்களில் ஒருவர் சொன்னார். கடைசியில், வருடத்துக்கு ஒன்று, அதுவும் வலித்தால் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற இடத்தில் விலை படிந்தது.

எங்களுக்கு வருடத்தில் பெரிய ஓட்டங்கள் மூன்று. வைகாசி விசாகத்தை ஒட்டித் திருச்செந்தூர். நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆனால் தரை தட்டை, கணவாயிலிருந்து வரும் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். ஆடிச் சாரலில் செங்கோட்டை, புளியரை வழியாகக் கோட்டைவாசல். தொலைவு கொஞ்சம்தான், ஆனால் அதே காற்று இப்போது நெஞ்சில் அறையும், அது போதாதென்று எஸ் வளைவில் ஏற்றம், பக்கத்தில் கேரளத்துக்குப் பாரமேற்றிப்போகும் லாரிகள். கார்த்திகையில் பண்பொழித் திருமலைக்கோயில் மலைப்பாதை. சிறியது, செங்குத்தானது, முழங்காலைக் கேட்டால் மூன்றிலும் மோசமானது என்று அதைத்தான் சொல்லும்.

மூன்றில் ஒன்று. எதை?

இந்தக் கேள்வியை அதுவரை நாங்கள் பிறருக்காகத்தான் பேசிவந்தோம். ஐரோப்பியச் சைக்கிள் பந்தயங்களைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கிச் சில வருடங்களாகின்றன. மே மாதம் இத்தாலியில் ஜிரோ, ஜூலையில் பிரான்சில் டூர், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஸ்பெயினில் வுவெல்டா. ஒவ்வொன்றும் மூன்று வாரம், 21 கட்டங்கள். மூன்றையும் ஒரே வருடத்தில் வெல்லும் உத்தேசத்துடன் யாரும் இறங்குவதில்லை. உடலைத் தீட்டித் தீட்டி ஓர் உச்சத்துக்குக் கொண்டுவந்தால் அது சில வாரங்களே நிற்கும். உயர்ந்த மலைகளில் போய்த் தங்கிப் பயிற்சி, எடைக் குறைப்பு என்று மாதக்கணக்கில் செலவழித்த பிறகுதான் அந்தச் சில வாரங்களும். இளம் வீரனுக்கு இதில் தேர்வு ஏதுமில்லை. அணி அனுப்பும் இடத்துக்குப் போவான், தலைவனுக்குத் தண்ணீர்ப் புட்டி சுமப்பான், காற்றுக்கு மறைப்பாக முன்னால் ஓட்டுவான். பெயரெடுத்த பிறகுதான், உனக்கு எது வேண்டும் என்று அவனைக் கேட்பார்கள். கேட்கும் மரியாதை வந்து சேரும்போது எல்லாவற்றுக்கும் கால்கள் வருவதில்லை.

வேல்ஸ் நாட்டுக்காரரான கெரைன்ட் தாமஸ் இப்படிக் கேட்கப்பட்டவர்களில் ஒருவர். 2013 டூரின் முதல் நாளே விழுந்து இடுப்பெலும்பு விரிசல் கண்டும், மூன்று வாரமும் ஓட்டி, தன் அணித்தலைவர் கிறிஸ் புரூம் வென்றதைப் பின்னாலிருந்து பார்த்தவர். 2018-இல் அவரே டூரை வென்றார். 2019-இல் இரண்டாமிடம், 2022-இல் 36 வயதில் மூன்றாமிடம். அந்த வருடம் அவருக்கு முன்னால் நின்ற விங்கேகோ, பொகாச்சார் இருவருக்கும் அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் குறைவு. 2023-இல் தாமஸ் டூரை விட்டு ஜிரோவைத் தேர்ந்தார். கணக்கு எளிமையானது. அந்த டூரில் தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் கட்டங்களின் மொத்த நீளம் 22 கிலோமீட்டர்தான். ஜிரோவில் 70 கிலோமீட்டருக்கு மேல். அதுவோ அவருடைய பலம். போட்டியாளர்களும் ஒரு படி இறக்கம். அன்றியும் ஜிரோவோடு அவருக்குப் பழைய கணக்கொன்று பாக்கி இருந்தது. 2017-இல் ஒரு போலீஸ் மோட்டார்சைக்கிளும் 2020-இல் சாலையில் உருண்ட ஒரு தண்ணீர்ப் புட்டியும் அவரைக் கீழே தள்ளி வீட்டுக்கு அனுப்பியிருந்தன.

எங்களில் இளையவருக்கு இது பிடிக்கவில்லை. டூரை வென்றவன் டூரில் தோற்க வேண்டும், எளிய சந்தைக்குக் கடையை மாற்றக்கூடாது என்றார். அண்ணாச்சி அப்போது ஒன்றும் சொன்னதாக நினைவில்லை.

பந்தயம் கடைசிக்கு முந்தைய நாள்வரை தாமஸ் கையில் இருந்தது. அவருடைய 37-ஆவது பிறந்தநாளும் அந்த மூன்று வாரத்துக்குள்தான் வந்தது. இருபதாம் கட்டம், மோன்டே லுசாரி என்ற மலைக்கு நேரத்தை எதிர்த்த ஏற்றம். ஸ்லோவேனியரான பிரிமோஸ் ரோக்லிச் 26 நொடி பின்தங்கியிருந்தார். நடுவழியில் ரோக்லிச்சின் சங்கிலி கழன்றது. மலை ஸ்லோவேனிய எல்லையை ஒட்டியது, வழியெங்கும் அவர் நாட்டுக்காரர்கள். முதுகில் கைவைத்துத் தள்ளிவிட ஓடிவந்தவர், ரோக்லிச் சைக்கிளுக்கு வருவதற்கு முன் பனிச்சறுக்குத் தாவலில் இருந்த காலத்து அணித்தோழர். இதை ஒரு நாவலில் எழுதினால் நாங்களே திட்டுவோம். சங்கிலி கழன்றும் ரோக்லிச் அந்த ஏற்றத்தில் தாமஸைவிட 40 நொடி வேகமாக வந்தார். 21 நாள், மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர், வித்தியாசம் 14 நொடி.

ஆனால் எங்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது அந்தச் சனிக்கிழமை அல்ல, அடுத்த நாள் ரோமில் நடந்தது. அந்த ஜிரோவின் இறுதிக் கட்டம் பெரும்பாலும் ஊர்வலம்தான். கடைசி நிமிடங்களில் விரைவோட்டக்காரர்கள் மட்டும் மோதுவார்கள். அவர்களில் மார்க் கேவண்டிஷும் இருந்தார். 38-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், அதே ஜிரோவின் ஓய்வு நாளொன்றில், இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அறிவித்திருந்தவர். வேறு அணி. தாமஸும் அவரும் பிரித்தானியப் பயிற்சிக்கூடத்தில் பிள்ளைகளாகச் சேர்ந்து வளர்ந்தவர்கள். முந்தைய நாள் பட்டத்தை இழந்த மனிதர், தனக்கு இனி அந்தப் பந்தயத்தில் எதுவும் கிடைப்பதற்கில்லை என்ற நிலையில், ரோமின் கடைசிச் சுற்றில் கூட்டத்தின் முன்னால் வந்து, எதிரணி நண்பனுக்காகக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு மிதித்தார். கேவண்டிஷ் வென்றார். கைபேசித் திரையில் இது சில நொடிகளே. யார் முன்னால் வந்தது என்று புரிவதற்கே நாங்கள் இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது.

கேவண்டிஷ் தேர்ந்தது இன்னும் ஒடுக்கமான ஒன்று. டூரில் கட்டங்களை வென்ற எண்ணிக்கையில் அவர் 2021-இல் எடி மெர்க்ஸின் 34-ஐ எட்டியிருந்தார். மலைகள் அவருக்கு ஆகாது. மொத்தப் பட்டம் அவருக்கு எக்காலத்திலும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கட்டம், ஒரே ஒரு மாலை. 2023 டூரில் போர்தோவில் இரண்டாமிடம் வந்தார். மறுநாள் விழுந்து காறையெலும்பு முறிந்தது. ஓய்வு அறிவிப்பைத் திரும்பப் பெற்று இன்னொரு வருடம் ஓட்டினார். 2024 டூரின் முதல் நாள் இத்தாலிய வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டு, நேர வரம்புக்குள் வந்துசேர்வதற்கே தோழர்கள் கூடவே இருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. ஜூலை 3 அன்று, ஐந்தாம் கட்டம், சாங் வுல்பாவில் 39 வயதில் 35-ஆவது வெற்றி. மீதமிருந்த இரண்டரை வாரம் மலைகளில் அவர் பட்ட பாடு தனிக்கதை, முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

தாமஸுக்கு 2024 வேறு விதமாக முடிந்தது. மறுபடியும் ஜிரோவுக்கே வந்தார். டூரில் யாரைத் தவிர்ப்பதற்கு இங்கே வந்தாரோ, அந்தப் பொகாச்சாரும் அந்த வருடம் ஜிரோவுக்கு வந்துவிட்டார். ஏறக்குறையப் பத்து நிமிட வித்தியாசத்தில் அவர் வெல்ல, தாமஸ் மூன்றாமவர். கடை மாற்றிய ஊருக்கே பெரிய கடையும் வந்துவிட்டது என்று அண்ணாச்சி சொன்னது அப்போதுதான்.

இவர்களெல்லாம் தூரத்து மனிதர்கள். நம் பக்கத்தில் இப்படிச் சாலைப் பந்தயமே தொழிலாக முதிர்ந்த ஒருவரைக் காட்டுவதற்கில்லை. ஆனால் அதே கேள்வியோடு சென்னையில் ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல், 1982-இல் பிறந்தவர். 2006-இல் மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற அவர், பதினாறு வருடம் கழித்து 2022-இல் பர்மிங்காமில் 40 வயதில் அதே தங்கத்தை மறுபடி வென்றார். அத்தோடு நின்றிருக்கலாம்; கதைக்கு அதுதான் அழகு. ஆனால் அவர் பாரிஸ் ஒலிம்பிக் வரை என்று கோடு போட்டுக்கொண்டார். அவருடைய ஆட்டத்தில் தரவரிசைப் புள்ளிகள் ஒரு வருடத்தில் உதிர்ந்துவிடும். வயதானவனுக்கு ஒவ்வொரு போட்டியும் பயணமும் வலியும் ஆறுவதற்கான நாட்களும் சேர்ந்த செலவு. போகாவிட்டாலோ பெயர் பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டேயிருக்கும். 2024 மார்ச்சில் சிங்கப்பூரில், உலகின் பெரிய போட்டிகளுள் ஒன்றில், 41 வயதில் காலிறுதி வரை போனார். வழியில் அவர் வீழ்த்தியவர்களில் ஸ்லோவேனியாவின் டார்கோ யோர்கிச் தரவரிசையில் அவருக்கு வெகுதூரம் முன்னால் இருந்தவர். பாரிஸில் சிந்துவோடு சேர்ந்து தேசியக்கொடி ஏந்தினார். முதல் சுற்றிலேயே தோற்றார். தோற்கடித்த டெனி கோஜுலும் ஸ்லோவேனியர்.

ரோக்லிச், பொகாச்சார், கோஜுல். 21 லட்சம் பேர் வசிக்கும் நாடு. நம் மாநிலத்தின் ஒரு நடுத்தர மாவட்டம் அளவு. நாங்கள் கொண்டாடும் கிழவர்களை வீட்டுக்கு அனுப்புவதை அவர்கள் ஒரு குடிசைத்தொழிலாகச் செய்துவருகிறார்கள் என்று எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

சரத் கமல் கடைசிப் போட்டியாக 2025 மார்ச்சில் சென்னையில் நடந்ததைத் தேர்ந்துகொண்டார். முதல் பன்னாட்டுப் போட்டியை ஆடியதும் அதே ஊரில்தான். மார்ச் 29 அன்று, அவரைவிட மிக இளையவரான இந்தியர் சினேகித் சுரவஜ்ஜுலாவிடம் தோற்று விடைபெற்றார். தாமஸும் அதே வருடம் செப்டம்பரில், பிரித்தானியச் சுற்றின் கடைசிக் கட்டம் முடியும் தன் சொந்த ஊரான கார்டிஃபில் வைத்து நிறுத்திக்கொண்டார். வென்று விடைபெற வேண்டும் என்பதைவிட, எந்த ஊரில் தோற்பது என்பதை இவர்கள் பார்த்து முடிவு செய்ததாகத்தான் எங்களுக்குப் படுகிறது.

சென்னைப் போட்டி முடிந்த அடுத்த ஞாயிறன்றுதான் அண்ணாச்சியிடம் நேரடியாகக் கேட்டோம். எங்கள் மூவருக்கும் கருத்து ஒன்றே: திருச்செந்தூர். தட்டைத் தரை, பின்காற்று, முடிவில் கடல். முழங்காலும் தாங்கும், முருகனும் இருக்கிறான். போதாக்குறைக்கு, சைக்கிள் ஓட்டத்தைக் கடலில் குளித்து முடித்துக்கொண்டவர் என்று எழுதுவதற்கும் நன்றாக இருக்கும். இந்தக் கடைசிக் காரணத்தைச் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

"அங்க காத்தே கொண்டுபோய்ச் சேத்துரும். அதுல நான் என்னத்த ஓட்டுனேன்?" என்றார் அண்ணாச்சி. "புளியரை. ஆடியில."

வீம்பு என்று நினைத்தோம். அவர் இல்லாத ஒரு மாலை, மதுநாதசுவாமி கோயில் வாசலில் உட்கார்ந்து இதைப் பற்றி மூவரும் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினோம். எஸ் வளைவில் அவருக்குக் கால் இழுத்துக்கொண்டால், பின்னால் லாரி வந்தால், வீட்டில் யார் பதில் சொல்வது? மருத்துவரிடம் சொல்லித் தடுப்பது என்றுகூட ஒரு யோசனை வந்தது. அதை முன்வைத்தவர் யார் என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறோம். விசாகத்துக்கு அவர் வரவில்லை. நாங்கள் மூவரும் திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தோம். பின்காற்று அந்த வருடம் தாராளமாக இருந்தது. அவரை அழைத்துச் சொன்னபோது, கடல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

ஆடி இரண்டாவது ஞாயிறு. செங்கோட்டை தாண்டியதும் காற்று ஆரம்பித்தது. வெளியூர் நண்பர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். மேற்குமலைத் தொடரில் இந்த இடத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கேரளத்து மழைக்காற்று முழுவதும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வருகிறது. சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தும். தட்டையான சாலையிலேயே மலையேறுவதுபோல மிதிக்க வேண்டும். இத்தகைய காற்றில் ஒருவர் பின் ஒருவராக, சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழ இடைவெளியில் போவோம். முன்னவர்தான் காற்றை வாங்குவார். பின்னவர்களுக்கு உழைப்பு கணிசமாக மிஞ்சும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னவர் விலகிக் கடைசிக்குப் போய்விடுவார்.

அண்ணாச்சி முன்னால் போனார். சில நிமிடம் ஆயிற்று, விலகவில்லை. குரல் கொடுத்தோம், காற்றில் கேட்கவில்லையோ, கேட்டும் கேளாததோ. கனமான கியரைப் போடாமல், இலகுவானதில் கால்களை விரைவாகச் சுழற்றிக்கொண்டு, முதுகைத் தாழ்த்தி, ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தார். இருபுறமும் நெல்வயல் காற்றில் படுத்தெழுந்துகொண்டிருந்தது. அவருடைய மழைச்சட்டையின் முதுகுப்புறம் மட்டும் உலர்ந்திருந்ததைப் பார்த்தோம். புளியரையில் வீடுகள் முடிந்து சாலை நிமிரத் தொடங்கும் இடத்தில் இடது கையை வீசிக் காட்டி ஓரமாக ஒதுங்கினார். இறங்கிச் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்தார்.

"போங்க. எனக்கு இம்புட்டுத்தான்."

நின்று என்ன ஆயிற்று என்று கேட்கப்போனவரை, "நிக்காதல, ஓட்டம் விட்டுரும்" என்று விரட்டினார்.

மேலே போனோம். எங்களில் இளையவர் ஒவ்வொரு வருடமும் எஸ் வளைவின் இரண்டாவது திருப்பத்தில் இறங்கிச் சைக்கிளை உருட்டுபவர். அன்று உருட்டவில்லை. கோட்டைவாசலில் கடிகாரத்தைப் பார்த்தபோது எங்களுடைய பழைய நேரத்தைவிட ஏழு நிமிடம் குறைவாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சும் இல்லை.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி தேநீர்க்கடை பெஞ்சில் வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தார். முழங்காலில் ஈரத்துண்டு.

"எம்புட்டு நேரம்?"

சொன்னோம். இளையவர் இறங்கவில்லை என்பதையும் சொன்னோம். அவர் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார். பிறகு எங்கள் மூவருக்கும் தேநீர் சொல்லிவிட்டு, காசையும் அவரே கொடுத்தார்.

இறக்கத்தில் காற்று முதுகுக்கு வந்துவிட்டது. செங்கோட்டை வரை யாரும் மிதிக்கவே இல்லை. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, காலையில் விட்ட இடத்திலிருந்து அந்த நாவலை எடுத்தார். இரண்டாம் பாகம் வீண் என்பது அவருடைய கட்சி. இலத்தூர்க் குளக்கரை வரும்வரை நாங்கள் அதை மறுத்துக்கொண்டே வந்தோம்.